இரண்டாம் தரம் கேட்காதவர்

நியூஜெர்ஸியில் எடிசனிலிருந்து மன்ஹாட்டன் போகும் காலை ரயிலில் நான் படித்த காதல் கதைகளுக்கெல்லாம் முருகன்தான் காவல். எங்கள் ஊர் ஓக் ட்ரீ ரோட்டு இந்திய மளிகைக் கடையில் வருஷா வருஷம் இலவசமாகக் காலண்டர் கொடுப்பார்கள். வருஷம் முடிந்ததும் அதைக் கிழித்து, பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு அட்டை போடுகிற மாதிரி மடித்து, நான் வாங்கும் புத்தகங்களுக்குப் போட்டுவிடுவேன். உள்ளே இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் காதலித்துக்கொண்டிருப்பார்கள். வெளியே முருகன் வள்ளி தெய்வானையோடு சிரித்துக்கொண்டு நிற்பார். காதல் திருமணம் செய்துகொண்டவர், கண்டுகொள்ள மாட்டார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டருக்கெல்லாம் கிறுக்குப் பிடிக்கும் என்று உலகமே நடுங்கிக்கொண்டிருந்த காலம் அது. அந்த நடுக்கம்தான் என்னைப் போன்றவர்களுக்கு விசா வாங்கிக் கொடுத்தது. மாம்பலத்தில் சும்மா இருந்தவனை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்து, ஒரு வங்கியின் பழைய புரோகிராம்களுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். எடிசனில் இன்னும் இரண்டு தமிழ்ப் பையன்களோடு ஓர் அபார்ட்மென்டில் இருந்தேன். ஒருத்தன் சமைப்பான், ஒருத்தன் குறட்டை விடுவான். இருவரும் நல்லவர்கள். அவர்கள் நல்லவர்களாக இருந்ததுதான் எனக்குப் பெரிய பயம். கெட்டவனிடம் ஒரு விஷயம் தெரிந்தால் அவன் மிரட்டுவதோடு நிறுத்திக்கொள்வான். நல்லவன் கவலைப்பட்டு ஊருக்கு ஃபோன் போடுவான்.

அந்தக் கட்டடத்தில் எந்தக் கதவைத் திறந்தாலும் தாளிக்கிற வாசனை வரும். ஒரு வீட்டில் தெரிந்தால் எல்லா வீட்டிலும் தெரிந்த மாதிரி. அங்கிருந்து மாம்பலத்துக்கு ஒரு ஃபோன் காலிங் கார்டு தூரம். என்னைக் கூட்டிவந்த கம்பெனி முதலாளிக்குத் தெரிந்தால் என் விசா அவர் கையில். அதனால் நான் எல்லாவற்றுக்கும் பயந்தேன். தபாலுக்குப் பயந்தேன், தூக்கத்தில் உளறிவிடுவேனோ என்று பயந்தேன், டிவியில் ஒரு நடிகனை இரண்டு விநாடி அதிகம் பார்த்துவிட்டால் அறையில் யாராவது கவனித்தார்களா என்று திரும்பிப் பார்ப்பேன்.

ஒருநாள் ரயிலில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரு ஆன்ட்டி முருகனைப் பார்த்துவிட்டார். ஸ்னீக்கர்ஸும் புடவையுமாக வேலைக்குப் போகிறவர். முகம் மலர்ந்து போயிற்று. "சாமி புத்தகமாப்பா? இந்தக் காலத்துப் பசங்க படிக்கறதே பெரிசு. கொஞ்சம் குடேன், கண்ணுல ஒத்திக்கறேன்" என்றார். கொடுக்காமல் இருக்க ஒரு காரணமும் தோன்றவில்லை. கொடுத்தேன். இரண்டு கைகளாலும் வாங்கி, கண்ணை மூடி, முருகனைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். அந்த அட்டைக்குப் பின்னால் ஒரு குதிரை லாயத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். திறந்துவிடுவாரோ என்று அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். திறக்கவில்லை. எங்கே வாங்கினாய் என்று மட்டும் கேட்டார். ஊரிலிருந்து வந்தது என்று சொன்னேன். அதன்பின் நான் வேறு பெட்டியில் ஏற ஆரம்பித்தேன்.

புத்தகங்கள் மன்ஹாட்டனில் ஒரு பழைய புத்தகக் கடையில் கிடைத்தவை. உள்கோடியில் ஓர் அலமாரிக்கு 'கே ரொமான்ஸ்' என்று பெயர் ஒட்டியிருப்பார்கள். முன் அலமாரியில் சமையல் புத்தகம் பார்க்கிற மாதிரி நின்று, நழுவி நழுவி அங்கே போய்ச் சேருவேன். கதைகள் பெரும்பாலும் ஒரே அச்சுதான். இருவர் கண்ணும் சந்திக்கும், பொறி பறக்கும். ஒருவன் நெருங்குவான், மற்றவன் வேண்டாம் என்பான். நெருங்குகிறவன் கேட்க மாட்டான். சுவரோடு சேர்த்து நிறுத்துவான். அடுத்த அத்தியாயத்தில் வேண்டாம் என்றவன் அவன் தோளில் தலை சாய்த்திருப்பான். இந்தப் பொறிதான் கெமிஸ்ட்ரி என்று நான் நம்பினேன். வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அதை ஒருவன் மீற வேண்டும், அதுதான் காதல். எனக்கு இது கொஞ்சமும் விசித்திரமாகப் படவில்லை. எங்கள் வீட்டில் காபியே அப்படித்தான் கொடுப்பார்கள்.

யார் வந்தாலும் காபி சாப்பிடுங்க என்பாள் அம்மா. வந்தவர் இப்பதான் ஆச்சு, வேண்டாம் என்பார். அம்மா இன்னொரு முறை சொல்வாள். அவர் இன்னும் கொஞ்சம் மெல்லிய குரலில் வேண்டாம் என்பார். அதற்குள் டம்ளர் அவர் கையில் இருக்கும். உங்களுக்காகக் குடிக்கிறேன் என்கிற முகத்தோடு அவர் ஒரு சொட்டு விடாமல் குடிப்பார். முதல் முறையே சரி என்றவரைப் பற்றி அவர் போன பிறகு பேச்சு வரும். முதல் முறை மறுத்தவரை விட்டுவிட்டால் நம்மைப் பற்றிப் பேச்சு வரும். இதற்கெல்லாம் யாரும் பாடம் எடுப்பதில்லை. கிள்ளித்தான் சொல்லிக்கொடுப்பார்கள்.

என்னைக் கிள்ளியது ஒரு சொந்தக்காரர் வீட்டு மைசூர்பாகுக்காக. சின்னப் பையன் நான். தட்டை நீட்டி "வேணுமாடா கண்ணா?" என்று கேட்டார்கள். வேணும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன அதே நொடியில், புடவைத் தலைப்புக்கு அடியில், அம்மாவின் விரல்கள் என் தொடையைத் திருகின. வலது தொடை, முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. தெருவுக்கு வந்த பிறகு, இப்படியா அலைவாய், என்ன நினைப்பார்கள் என்று கேட்டாள். அதற்குப் பிறகு எனக்கு எது பிடித்தாலும் முதலில் அந்த இடம்தான் சுருக்கென்றது. கல்லூரியில் பக்கத்து பெஞ்சுப் பையன் ஒருவன் சட்டைக் கையை மடித்துவிட்டபோதும் அங்கேதான் சுருக்கென்றது.

அந்தப் பழைய புத்தகக் கடைச் சுவரில்தான் ஓர் அறிவிப்பு பார்த்தேன். நியூஜெர்ஸியில் ஒரு சிறு ஊரின் நூலகத்துக் கீழ்த்தளத்தில், மாதம் ஒரு ஞாயிறு மதியம், இந்த மாதிரிக் கதைகளைப் படிக்கிறவர்கள் கூடிப் பேசுகிறார்கள். போகவே கூடாது என்று முடிவு செய்துகொண்டு போனேன். காரை நூலகத்தில் நிறுத்தப் பயந்து, எதிரே இருந்த மருந்துக் கடையில் நிறுத்தினேன். படியிறங்கினால் வட்டமாகப் பத்துப் பன்னிரண்டு நாற்காலிகள். வெள்ளைக்காரர்களுக்கு நடுவே ஒரு கறுத்த முகம் நிமிர்ந்து பார்த்தது. நம்ம ஆள். அமெரிக்காவில் என்னைக் காட்டிக்கொடுக்க ஒரே ஒருவரால்தான் முடியும், அது இன்னொரு தமிழன். திரும்பி ஓடினால் சந்தேகம் இன்னும் கூடும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்குப் பேச எடுத்துக்கொண்டது அதே குதிரை லாயக் கதை. பண்ணை முதலாளி ஒருவன், அங்கே வேலைக்கு வந்த கால்நடை டாக்டர் ஒருவன். டாக்டர் வேண்டாம் என்கிறான், முதலாளி கேட்கவில்லை, கடைசியில் இருவரும் ஒன்றாக வாழ்கிறார்கள். ஒரு கிழவர் அந்த லாயக் காட்சியைப் படிக்கவே முடியவில்லை என்றார். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். அதுதான் கதையிலேயே நல்ல இடம், அந்த இருவருக்கும் நடுவில் இருக்கும் கெமிஸ்ட்ரி அங்கேதான் தெரிகிறது, அவன் வாயால்தான் வேண்டாம் என்கிறான், நெஞ்சு படபடக்கிறதே என்று சொன்னேன். அப்போது அந்தக் கறுத்த முகம் பேசியது. நெஞ்சு படபடக்கிறது என்று எழுதியிருக்கிறது, உண்மைதான். நாய் துரத்தினாலும் நெஞ்சு படபடக்கும். எதற்குப் படபடக்கிறது என்று அந்த முதலாளி கேட்கவில்லை, எழுதியவரும் கேட்கவில்லை என்றார். குரலை உயர்த்தவில்லை. ஆனால் கையில் இருந்த காகிதக் கோப்பை நசுங்கியிருந்தது.

முடிந்ததும் நான் படியைப் பார்த்து நடந்தேன். பின்னாலேயே வந்தார். "நீங்கள் தமிழோ?" என்று கேட்டார். இலங்கைத் தமிழ். இல்லை, தெலுங்கு என்று ஆங்கிலத்தில் சொன்னேன். என் கக்கத்தில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார். காலண்டர்த் தாளில் முருகனுக்குக் கீழே தை மாத விசேஷ தினங்கள் தமிழில் கொட்டைக் கொட்டையாக அச்சாகியிருந்தன. "முருகன் தெலுங்கில கிருத்திகை பாக்கிறாரோ?" என்றார். சிரிப்பு வந்துவிட்டது. பயத்தோடு சேர்ந்து வந்த சிரிப்பு, அதனால் கொஞ்சம் சத்தமாகவே வந்தது. நூலகத்துப் பெண்மணி மேலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அவர் யாழ்ப்பாணம். பார்சிப்பனியில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் கணக்குப் பார்த்தார். என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். தேவாலயத்துக்குப் போகிற குடும்பம், உறவெல்லாம் டொரான்டோவில். பார்சிப்பனியிலேயே தனியாக இருந்தார். அந்த வசதி ஒன்றுக்காகவே நான் அவர்மேல் பொறாமைப்பட்டேன். பிறகு மாதம் ஒரு ஞாயிறு என்பது போதாமல் ஆயிற்று. வாரக் கடைசிகளில் ஓக் ட்ரீ ரோட்டில் தோசை சாப்பிடுவோம். அந்த ரோட்டில் இரண்டு தமிழ் ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்து தோசை தின்பதை விடச் சாதாரணமான காட்சி கிடையாது, ஒரு ஈ காக்கை திரும்பிப் பார்க்காது. எனக்கு மட்டும் முழு ஹோட்டலும் எங்கள் மேஜையையே பார்ப்பதாக இருக்கும். அவர் சட்னிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினால்கூட நான் வாசலைப் பார்ப்பேன்.

நாங்கள் பேசியதெல்லாம் கதைகள்தான். ஆனால் தமிழில் பேசினோம். எனக்கு அது புதிது. அதுவரைக்கும் என் ஆசைக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். அவர் ஒரு புத்தகம் கொடுத்தார். அதில் ஒருவன் இன்னொருவனிடம் எதற்கெடுத்தாலும் கேட்கிறான். பக்கத்தில் உட்காரலாமா, சட்டையில் ஒட்டியிருக்கிற நூலை எடுக்கலாமா, கையைப் பிடிக்கலாமா. மற்றவன் யோசித்துப் பதில் சொல்கிறான். இதென்ன காதல் கதையா, ரேஷன் கடையா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அந்த நூலை எடுக்கிற பக்கத்தை ரயிலில் திரும்பத் திரும்பப் படித்து, இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டேன். கேட்டவனுக்கும் பதிலுக்கும் நடுவே இருந்த அந்த இடைவெளியில் இருந்த சூடு லாயக் கதையில் எங்குமே இல்லை. மற்றவன் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்பதால்தான் அந்தச் சூடு என்பது எனக்கு அப்போது புரியவில்லை. சூடு மட்டும் தெரிந்தது.

குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. இடியாப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் மீன் குழம்பும். நன்றாகச் சமைப்பார். இரண்டாம் முறை வைக்க வந்தபோது தட்டுக்கு மேல் கையை வைத்து வேண்டாம் என்றேன். "சும்மா இரும்" என்று என் கையை விலக்கிவிட்டு இன்னும் இரண்டு இடியாப்பம் வைத்தார். உங்களுக்காகத்தான் என்கிற முகத்தோடு எல்லாவற்றையும் தின்றேன். அந்த மதியம் எனக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு பயம் இல்லாமல் இருந்தது.

சாப்பிட்ட பிறகு சோபாவில் உட்கார்ந்து கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கை என் கைக்குப் பக்கத்தில் இருந்தது, படவில்லை. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "நான் உம்மைக் கொஞ்சட்டோ?"

அவர்கள் ஊரில் கொஞ்சுவது என்றால் முத்தமிடுவது. எனக்கு அது தெரியும். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் என்னை அதைக் கேட்கிறார். நான் எத்தனையோ இரவு இந்தக் கேள்வியை நினைத்துப் பார்த்திருக்கிறேன். தொடையில் சுருக்கென்றது. "வேணாம்" என்றேன்.

"சரி" என்றார். முகத்தில் கோபமில்லை. கையைத் தன் மடிக்கு எடுத்துக்கொண்டார். பிறகு எழுந்துபோய்த் தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தார்.

நான் காத்துக்கொண்டிருந்தேன். தட்டுக் கழுவிவிட்டு வந்து மறுபடி கேட்பார் என்று. தண்ணீர் ஓடும் சத்தம் நின்றது. துணியால் கை துடைத்துக்கொண்டு வந்தார். ரோட்டில் உப்புப் போட்டுவிட்டார்கள், பனி கூடுவதற்கு முன்னால் கிளம்புவது நல்லது என்று அக்கறையாகச் சொன்னார். லுங்கியோடு வாசல் வரைக்கும் வந்து, என் கார்க் கண்ணாடியில் இருந்த பனியைச் சுரண்டிவிட்டார். இடியாப்பத்துக்கு என் கையை விலக்கிய மனுஷன், இதற்கு ஒரே வார்த்தையில் விட்டுவிட்டார். இவ்வளவுதானா உன் காதல் என்று எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. 287 நெடுஞ்சாலையில் கார் ஊர்ந்தது. எனக்கு முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கைத் தவிர எதுவும் தெரியவில்லை. நான் சொன்ன அந்த வேண்டாமில் எவ்வளவு மரியாதை, எவ்வளவு நிஜப் பயம் என்று எனக்கே தெரியவில்லை. அதுதான் என்னை உலுக்கியது.

மறுநாள் காலை, வழக்கம்போல் காலிங் கார்டில் வீட்டுக்குப் பேசினேன். அம்மாவின் குரலில் கல்யாணக் களை. கோயம்புத்தூரில் ஒரு பெண், படித்தவள், அவள் வீட்டில் என் போட்டோவைப் பார்த்துவிட்டார்கள், சித்திரையில் லீவு போட்டுவிட்டு வந்தால் பார்த்து முடித்துவிடலாம் என்றாள். "வேணாம்மா" என்றேன். இன்னொரு முறையும் சொன்னேன். அம்மா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அப்பாவிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"வெக்கப்படறான். கல்யாணம்னா எந்தப் பையன் மொதல்ல சரிங்கறான்? நீங்க அவங்களுக்கு ஃபோன் பண்ணுங்க."

ஃபோனை வைத்துவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன்னால் பட்டதில்லை. ஒரே வார்த்தையை இரண்டு பேரிடம் சொல்லியிருந்தேன். ஒருவர் கேட்டுக்கொண்டு கையை எடுத்துவிட்டார். இன்னொருவர் கேட்டுவிட்டு மண்டபம் பார்க்கக் கிளம்பிவிட்டார். கோயம்புத்தூரில் முகம் தெரியாத ஒரு பெண்ணை நினைத்தேன். அவளிடமும் யாராவது கேட்டிருப்பார்கள், அவளும் ஏதாவது சொல்லியிருப்பாள், அதையும் வெட்கம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். இப்படியே போனால் சித்திரையில் நாங்கள் இருவரும் மணையில் உட்கார்ந்திருப்போம், வேண்டாம் என்று யாரும் சொல்லாதது மாதிரி. வெளியே சமைக்கிறவன் கதவைத் தட்டி, உடம்பு சரியில்லையா என்று கேட்டான். நல்லவன்.

அடுத்த நூலகக் கூட்டத்துக்கு அவர் வந்திருந்தார். எப்போதும்போலச் சிரித்தார், எனக்கும் சேர்த்துக் காபி எடுத்துவந்தார். அந்தச் சாதாரணத்தை என்னால் தாங்க முடியவில்லை. முடிந்ததும் மருந்துக் கடைக் கார் நிறுத்தத்தில் அவரை நிறுத்தி, ஏன் மறுபடி கேக்கல என்று கேட்டுவிட்டேன். கேட்கும்போதே சுற்றிலும் பார்த்துக்கொண்டேன், அந்தப் பழக்கம் போகவில்லை. நம்ம ஊர்ல ஒரு தடவை வேணாம்னா அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாதா என்றேன்.

"தெரியும். எங்கட அம்மா மூண்டு தரம் கேக்காமல் ஆருக்கும் தேத்தண்ணி குடுக்க மாட்டா" என்றார். "சோத்துக்கு நானும் கேப்பன். இதுக்கு ஒருக்காத்தான் கேப்பன்."

பிறகு அவர் காருக்குள் உட்கார்ந்து சொன்னார். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், இருபத்துச் சொச்சம் வயதில், தெரிந்தவர் ஒருவர் வீட்டில் தங்கியிருந்தார். அவரை எல்லோரும் அண்ணா என்பார்களாம். வேலை வாங்கிக் கொடுத்தவர், கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர், தேவாலயத்தில் முன்வரிசைக்காரர். ஒருநாள் அந்த அண்ணா பக்கத்தில் வந்து படுத்தார். வேண்டாம் அண்ணா என்று இவர் சொன்னார். ஒரு முறை இல்லை. பெரியவரிடம் கத்தத் தெரியாத பிள்ளையாக, மெல்லிய குரலில், மரியாதையாகவே சொன்னார். இதைச் சொல்லும்போது ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். வைப்பர் ஓடுவது தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"அவரும் அப்பிடித்தான் நினைச்சவர். நான் வெக்கத்தில சொல்லுறன் எண்டு. விடிய எனக்கு முட்டை பொரிச்சுத் தந்தவர், விளங்குதோ? தான் ஒரு பிழையும் செய்யேல்லை எண்டுதான் அவர் இண்டைக்கும் நினைச்சுக்கொண்டிருக்கிறார்."

நான் லாயக் கதையை நினைத்துக்கொண்டேன். அதுதான் நல்ல இடம் என்று இவர் எதிரில் உட்கார்ந்து நான் சொன்னதை நினைத்துக்கொண்டேன். அவரே தொடர்ந்தார். நீர் ஏன் வேண்டாம் என்றீர் என்று எனக்குத் தெரியாது, அதை ஊகிக்கிற உரிமையும் எனக்கு இல்லை, ஊகிக்கத் தொடங்கினால் நானும் அந்த அண்ணாதான் என்றார். உமக்கு எப்போதாவது வேணும் என்றால் நீரே சொல்லலாம், சொல்லாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமைத் தோசை தோசைதான் என்றார். பிறகு எனக்காகக் கதவைத் திறந்துவிட்டார்.

எடிசன் போய்ச் சேரும்வரை எனக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இனி இந்த மனுஷன் கேட்க மாட்டார். அம்மா கேட்காமல் இருக்க மாட்டாள். நான் வாயைத் திறக்காவிட்டால் என் வாழ்க்கை தானாகவே முடிவாகிவிடும், ஒரு சண்டைகூட இல்லாமல். கதைகளில் வருகிற மாதிரி யாராவது வந்து மீறி என்னைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று காத்திருந்தவன் நான். அப்படித் தூக்கிக்கொண்டு போக அம்மாதான் வந்துகொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் அறைக்காரர்கள் இருவரும் சினிமாவுக்குப் போன நேரமாகப் பார்த்து வீட்டுக்கு ஃபோன் செய்தேன். அம்மா புடவைக் கடையைப் பற்றிப் பேசிக்கொண்டே போனாள். நடுவில் பேசினேன்.

"அம்மா, நான் வெக்கத்துல சொல்லல. மரியாதைக்கும் சொல்லல. எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். எந்தப் பொண்ணும் வேணாம். அந்தப் பொண்ணு வீட்டுல இன்னிக்கே சொல்லிடுங்க."

புடவைக் கடைப் பேச்சு நின்றது. அம்மா பேசாமல் இருந்து நான் கேட்டதே கிடையாது. கார்டில் ஒரு நிமிடம்தான் பாக்கி என்று ஒரு வெள்ளைக்காரி குறுக்கே வந்து சொன்னாள். பிறகு அம்மா கேட்டாள், கோபமாக இல்லை, பயந்துபோன குரலில்.

"வேற என்னதான்டா வேணும் உனக்கு?"

எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை யாரும் என்னைக் கேட்டதில்லை. மைசூர்பாகு வீட்டுக்காரர்கள் கேட்டதோடு சரி. அவள் குரலில் இருந்த பயம் என் பயம்தான், நான் அவளிடமிருந்து வாங்கிக்கொண்டது. பதில் சொல்ல வாயெடுத்தேன். கார்டு தீர்ந்து லைன் அறுந்துபோயிற்று. மறுபடி வேறு கார்டு போட்டுப் பேசியிருக்கலாம், மேஜையில் ஒன்று இருந்தது. பேசவில்லை. அந்தப் பதிலைச் சொல்ல வேண்டிய முதல் ஆள் அம்மா இல்லை என்று தோன்றியது. கார்ச் சாவியை எடுத்துக்கொண்டேன்.

பார்சிப்பனி போகும்வரை பயந்துகொண்டேதான் போனேன். ஒவ்வொரு எக்ஸிட்டிலும் இறங்கித் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அவருக்கு மனம் மாறியிருக்கலாம். வீட்டில் வேறு யாராவது இருக்கலாம். பெண் வீட்டார், கம்பெனி முதலாளி, விசா, அப்பாவின் இரத்த அழுத்தம், எல்லாம் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தன. மணியை அடித்ததும் அவர் கையில் மாவோடு வந்து கதவைத் திறந்தார். பிட்டுக்குக் குழைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. "சாப்பிடுறீரோ?" என்றார்.

"அன்னிக்கு நீங்க ஒண்ணு கேட்டீங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, அதனால் இன்னொரு முறை சொன்னேன்.

அவர் அசையவில்லை. மாவுக் கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, நான் சொல்லி முடிக்கட்டும் என்று நின்றார். பக்கத்து வீட்டுக் கதவு எங்கோ திறந்து மூடியது. அந்தச் சத்தத்துக்கு நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"வேணும்" என்றேன்.

சொன்ன அதே நொடியில் என் வலது கை கீழே போய், தொடையில், முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே பொத்திக்கொண்டது. அப்படியே நின்றேன். யாரும் கிள்ளவில்லை.